ஒலித்தரம் பேசுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்

"இசைப் பிரியர்களுக்காகவே உருவாக்கப்பட்டது" என்று ஒரு போன் விளம்பரம் வந்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான்: வாங்கலாமா, பாட்டு எப்படி இருக்கும்? தருமபுரி வட்டாரத்தில் மைக்செட் வைத்துப் பிழைப்பவனிடம் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்பவர்கள் கூடவே ஒரு விமர்சன வீடியோவையும் அனுப்பிவைக்கிறார்கள். அதில் ஒருவர் இரண்டு போன்களை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, இதில் பாடகர் முன்னால் வந்து நிற்கிறார், அதில் கொஞ்சம் மங்கல் என்கிறார். இரண்டிலும் ஒலி அளவு ஒன்றாக இருந்ததா? அதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. அதைச் சொல்லாத விமர்சனத்துக்கு நான் சல்லிக்காசு மதிப்பும் தருவதில்லை. கடுமையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

எங்கள் தொழிலில் இது புதுப் பையனுக்கும் தெரிந்த சங்கதி. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் இரவில், கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது மிக்சரில் அவருடைய மைக்கை ஒரு நூல் ஏற்றிப் பாருங்கள். முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "இப்போதுதான் தெளிவாக இருக்கிறது" என்பார். தெளிவு கூடவில்லை, சத்தம் கூடியது. நிறைய ஏற்றினால் காது கிழிகிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒன்றோ ஒன்றரையோ மட்டும் ஏற்றினால் யாருக்கும் அது சத்தமாகப் படாது. நிறைவு, ஆழம், உயிர் என்று வேறு பெயர்களில் படும். போதாக்குறைக்கு, குறைந்த சத்தத்தில் கேட்கும்போது நம் காது அடித்தொனியைக் குறைத்தே கேட்கிறது. இதை பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே வால்யூம் கொஞ்சம் கூடினாலே பாஸும் தானாகக் கூடியதுபோல் இருக்கும். போனில் உள்ள ஒலிச் சில்லுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

தருமபுரியில் ஒரு செல்போன் கடையில் அக்கா மகனுடன் நின்றிருந்தேன். விற்பனைத் தம்பி ஒரே இயர்போனை இரண்டு போன்களிலும் செருகிக் காட்டினார். "ரெண்டிலும் வால்யூம் முழுசாக வைத்திருக்கிறேன், பாருங்கள் அண்ணா" என்றார். அங்கேதான் சூட்சுமம். முழு வால்யூமில் ஒரு போன் அரை வோல்ட் தரும், இன்னொன்று ஒரு வோல்ட் தரும். திரையில் கோடு ஒரே உயரம்தான். காதில் ஆறு டெசிபல் வித்தியாசம். விலை கூடிய போனில் ஒலியை மெருகேற்றிக் காட்டும் டால்பி வேறு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது" என்றான் மருமகன். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டால்பியை அணைத்து, சத்தத்தை மற்றதன் அளவுக்கு இறக்கிக் கொடுத்தேன். அவன் இரண்டு முறை மாற்றிக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. விற்பனைத் தம்பி கேமராவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

காதால் சமன் செய்வதெல்லாம் சரிப்படாது. வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்கள் வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போனிலும் 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிடுங்கள். பலரும் 1,000 ஹெர்ட்ஸைச் சொல்வார்கள். ஆனால் மலிவான மீட்டர்கள் நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, மேலே போகப் போகத் தப்பாகக் காட்டக்கூடும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயரைப் போட்டு, ஒரு பக்கம் இயர்போன் செருகியிருக்கும்போதே மறுபக்கம் ஏசி மில்லிவோல்ட்டைப் படியுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு எடுக்கும் அளவு பொய். ஒன்று 100 மில்லிவோல்ட் காட்டினால் மற்றதும் அதிலிருந்து இரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகக் கூடாது, அது 0.2 டெசிபலுக்குள் அடங்கும். போனின் வால்யூம் பட்டனை வைத்து இந்த நுணுக்கத்தை எட்ட முடியாது, ஒவ்வொரு படியும் பெரிய தாவல். பாட்டுச் செயலியில் சத்தத்தைச் சிறுசிறு அளவாக மாற்ற உதவும் ப்ரீஆம்ப் அளவைக் குறைத்துத்தான் நெருங்க வேண்டும். பிறகு எந்தப் போன் என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றித் தர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் இது இன்னது என்று திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னால், அந்தக் காதுக்கு நான் வணக்கம் வைப்பேன்.

எல்ஜி ரசிகர்கள் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வருகிறேன். 2016-இல் வந்த வி20 முதல் எல்ஜி போட்ட "குவாட் டிஏசி" உண்மையிலேயே நல்ல சரக்கு. டிஏசி என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றும் சில்லு. எல்ஜி போட்டது இஎஸ்எஸ் நிறுவனத்தின் சேபர் வகை. ஆனால் அதன் பெருமை மாற்றுவதில் இருந்ததைவிடத் தள்ளுவதில் இருந்தது. செருகிய ஹெட்போனின் மின்தடையை அந்தப் போனே அளந்து பார்க்கும். 50 ஓமுக்கு மேல் இருந்தால் கூடுதல் வோல்ட்டைத் திறந்துவிடும். இரண்டு வோல்ட் வரை போகும். 300 ஓம் உள்ள சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்போனை வைத்திருப்பவருக்கு அது பெரிய வரம், மற்ற போன்கள் அங்கே மூச்சு வாங்கும். நம் ஊரில் பெரும்பாலோர் செருகும் 16 ஓம், 32 ஓம் இயர்போனுக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது. இதைத் தெரிந்துகொண்ட ரசிகர்கள் நடுவில் ஒரு நீட்டிப்பு வயரைச் செருகிப் போனை ஏமாற்றி, சிறிய இயர்போனுக்கும் அதிக வோல்ட்டை வரவழைத்தார்கள். பாட்டு எதிரே மேடையில் நடப்பதுபோல் கேட்பதைச் சொல்லி, "மேடையே விரிந்துவிட்டது" என்று மெய்மறந்து எழுதினார்கள். விரிந்தது வோல்ட். 2021-இல் எல்ஜி போன் தொழிலையே மூடிவிட்டது. பழைய போன்களைத் தேடி இன்றும் ஆள் அலைகிறது. 300 ஓம் வைத்திருப்பவர் அலையட்டும், அதில் அர்த்தம் இருக்கிறது.

புளூடூத்தில் கேட்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. பாட்டு எண்களாகவே காற்றில் போய், காதில் மாட்டிய கருவிக்குள் இருக்கும் சின்னச் சில்லில்தான் ஒலியாகிறது. போனில் இருக்கும் பெயர்பெற்ற டிஏசி அந்த நேரம் முழுக்கத் தூங்குகிறது. புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சோனியின் எல்டாக் முறை கூட அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட். சிடியின் கணக்கு 1,411. இதைத் தெரிந்துகொண்டே டிஏசி படம் போட்ட போனையும் புளூடூத் இயர்போனையும் சேர்த்துக் கட்டு கட்டி விற்கிறார்கள்.

அடுத்தது, உயர்தர ஒலி என்று சொல்லிப் பெட்டியில் ஒட்டும் அந்தப் பொன்னிற ஹை-ரெஸ் முத்திரை. ஜப்பான் ஆடியோ சங்கம் தருவது. சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவைக் கையாள முடியும் என்பதற்குத்தான் அது சான்று. நீங்கள் கேட்கும் பதிவு நன்றாக இருக்கும் என்பதற்கு அல்ல. பெங்களூரா மாங்கூழை அல்போன்சா டப்பாவில் அடைத்துவிட்டால் கிருஷ்ணகிரிக்காரன் ஏமாறுவானா? 2007-இல் பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவுகளை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் மறைத்துவைத்துக் கேட்கவிட்டார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும். 2016-இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இல்லை, 52.3 விழுக்காடு சரியாகச் சொல்கிறார்கள் என்று காட்டினார். பயிற்சி உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும் என்றார். நியாயமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் பஸ் கியர் மாற்றிக்கொண்டு இறங்கும்போது அந்த இரண்டு விழுக்காட்டை யாரும் தேடிப்பிடிக்கப் போவதில்லை.

போனுக்குப் போன் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைச்சல் ஒன்று உண்டு. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூருணர்வு உள்ள இயர்போனைச் செருகி, ஒன்றுமே பதிவாகாத வெற்றுக் கோப்பை ஓடவிட்டால் சில போன்களில் "ஸ்ஸ்" என்று கேட்கும், சிலவற்றில் கேட்காது. இன்னொன்று போனின் வெளியீட்டு மின்தடை. அது அதிகமாக இருந்தால், ஒலியெழுப்பும் டிரைவர்கள் பல கொண்ட இயர்போனில் தொனியே மாறிவிடும். இயர்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. இந்த இரண்டும் விளம்பரத்தில் வருவதில்லை.

சோதிக்கப் பாட்டு எது என்று கேட்பவர்கள், நேரில் கேட்டுப் பழகிய ஓசையை எடுங்கள். எனக்குக் கூத்துப் பதிவுதான். முகவீணையின் கீச்சையும் ஜால்ராவின் ஓசை தேய்ந்து அடங்கும் விதத்தையும் எத்தனையோ இரவு பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பதிவில் அந்த ஜால்ரா தண்ணீருக்குள் தட்டியதுபோல் குழறும். அதை எந்தச் சேபர் சில்லாலும் மீட்க முடியாது. கெட்டது பதிவைச் சுருக்கிய இடத்தில்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், இயர்போன் வயரைச் செருகும் ஜாக் உள்ள ஒரு நடுத்தரப் போன். ஜாக் இல்லாவிட்டால் ஆப்பிள் விற்கும் சின்ன யூஎஸ்பி-சி இணைப்பு வயர்; அளந்து பார்த்தவர்கள் வியந்த பொருள் அது. பல ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் சத்தம் குறைவாக வரும். மிச்சப் பணத்தை இயர்போனில் போடுங்கள், காதுக்குப் பொருந்தும் ரப்பர் முனையைத் தேடி மாட்டுங்கள். முனை தளர்ந்தால் பாஸ் மொத்தமும் போய்விடும்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். இரண்டு போனிலும் எத்தனை மில்லிவோல்ட் வந்தது என்பதை முதல் வரியில் எழுதிவிட்டு மறுக்கவும்.