ஓடுகிற மெஷினைக் குப்பை என்று சொல்லாதீர்கள்

அக்கா கடையின் பழைய லேப்டாப்பைப் பற்றிய என் பதிவுக்கு வந்த ஒரு கமென்டுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இன்று காலையிலிருந்து இன்பாக்ஸில் வந்து "ஏன் அமைதியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் கமென்டை எழுதிய, டெக் ரிவ்யூ வீடியோ போடுகிற தம்பி அதையே ஒரு வீடியோவாகவும் போட்டுவிட்டார். சரி, எழுதிவிடுகிறேன். முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

கோவில்பட்டியில் அக்கா நடத்துகிற ஜெராக்ஸ் கடை லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய விண்டோஸ் 10-க்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் கீழே அந்தத் தம்பி எழுதியது இது. "இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வக்கில்லாதவர்கள் டெக்னாலஜி பேசக் கூடாது." இதற்கு நூற்றுக்கணக்கான சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதுதான் வலித்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓடுகிற மெஷின் குப்பை இல்லை. அதைத் தயாரிக்காத ஒரு கம்பெனி, அதற்குக் காசு கொடுக்காத ஒரு கம்பெனி, ஒரு தேதியைக் குறித்துவிட்டதால் அது குப்பையாகிவிடாது.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அந்த வருடம் மைக்ரோசாஃப்டின் ஊழியர் ஒருவர் மேடையிலேயே இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனி புதுப் பதிப்பு கிடையாது, இதையேதான் புதுப்பித்துக்கொண்டு போவோம் என்றுதான் உலகம் முழுக்க அதைப் புரிந்துகொண்டார்கள். கம்பெனியும் அப்போது ஓடிவந்து மறுக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு 10-க்கான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், முடிந்தது. முடிந்ததில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. பத்து வருடம் கொடுத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அடுத்ததற்குப் போகலாம் என்று பார்த்தால் வாசலை அடைத்துவைத்திருக்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

அக்காவின் லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது. வாங்கும்போது 4 ஜிபி ரேம், சுற்றுகிற ஹார்டு டிஸ்க். பிறகு 8 ஜிபி ஆக்கினோம், எஸ்எஸ்டி போட்டோம், பேட்டரி மாற்றினோம். ஸ்பேஸ் பாரின் நடுவில் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று தேய்ந்திருக்கும். கீல் ஒரு பக்கம் லேசாக இளகியிருக்கும். ஆன் செய்தால் அரை நிமிடத்தில் தயார். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் படிவம், ரயில் டிக்கெட், ஆதார் பிரிண்ட், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று ஓய்வில்லாமல் ஓடுகிற மெஷின்.

ஒரு மெஷினில் விண்டோஸ் 11 போட முடியுமா என்று பார்த்துச் சொல்கிற மைக்ரோசாஃப்டின் சோதனைக் கருவியை அதில் ஓட்டிப் பார்த்தோம். ரேம் பச்சை டிக். ஸ்டோரேஜ் பச்சை டிக். செக்யூர் பூட் பச்சை டிக். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால்தான் பழைய மெஷின்களைச் சேர்ப்பதில்லை என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அந்த டிபிஎம் 2.0-க்கும் பச்சை டிக். ப்ராசஸருக்கு மட்டும் சிவப்பு. என்ன குறை என்று பார்த்தால், "ஆதரிக்கப்படும் பட்டியலில் இல்லை." அவ்வளவுதான். வேகம் போதவில்லை என்றோ இன்ன வசதி இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பட்டியலில் பெயர் இல்லை.

அந்தப் பட்டியலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்று கோடு போட்டார்கள். ஏழாம் தலைமுறையில் ஐ7-7820எச்க்யூ என்று ஒரு சிப் உண்டு. மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 என்ற மிக விலை உயர்ந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது அதுதான். 2021 ஆகஸ்டில் அந்தச் சிப்பைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மெஷினின் பாகங்களை இயக்குகிற டிரைவர் மென்பொருள் புதிய முறையில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். தன் வீட்டு மெஷின் என்றதும் கோடு நகர்கிறது, கோவில்பட்டி ஜெராக்ஸ் கடை மெஷின் என்றால் அசையாது. இதைப் பார்த்த பிறகும் இது முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காகத்தான் என்று நம்ப வேண்டுமா? என்னால் முடியவில்லை.

இப்போது கமென்டில் வரப்போகிறவர்களுக்கு.

"பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நெட்டில் போனால் ஆபத்து, அது தெரியாதா?" தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் அக்கா மெஷினை அப்படியே விடாமல் மின்ட் போட்டேன். ஜனங்களின் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் நகலும் வந்துபோகிற மெஷின் அது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வானாக்ரை வைரஸ் வந்தபோது அப்டேட் செய்யாத விண்டோஸ் மெஷின்கள் என்ன கதியானது என்று எல்லோரும் பார்த்தோம். அதே வானாக்ரை நேரத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் சொல்வதில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அதற்கு, பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற பேட்ச் ஒன்றை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விண்டோஸ் 10-க்கு இப்போதும் பேட்ச் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. கம்பெனிகள் காசு கட்டினால் மூன்று வருடம் வரை கிடைக்கும். மெஷின் ஒன்றுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. தொழிற்சாலைக் கருவிகளுக்காக ஐஓடி எல்டிஎஸ்சி என்று ஒரு பதிப்பு இருக்கிறது. அதற்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. ஆக விண்டோஸ் 10 செத்துப்போகவில்லை. அக்காவுக்கு மட்டும் செத்துப்போய்விட்டது.

"அதான் வீட்டு உபயோகத்துக்கும் ஒரு வருடம் நீட்டித்தார்களே?" நீட்டித்தார்கள். 2026 அக்டோபர் 13 வரை. அதற்கு 30 டாலர், அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் பாயின்ட் 1000 சேர்த்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் உங்கள் செட்டிங்குகளை அவர்களுடைய கிளவுடுக்கு பேக்கப் செய்ய வேண்டும். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் முடியாது. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சத்தம் போட்டன. உடனே அங்கே மட்டும் பேக்கப் நிபந்தனையை எடுத்துவிட்டு இலவசமாக்கினார்கள், அக்கவுன்டில் நுழைந்தால் போதும் என்று. அங்கே இருக்கிற மெஷினும் இங்கே இருக்கிற மெஷினும் ஒன்று, பேட்சும் ஒன்று. அங்கே கேட்டார்கள், கிடைத்தது. நாம் கேட்கவே இல்லை. கேட்டவளைப் பார்த்துச் சிரித்தோம்.

"கம்பெனி என்ன தர்ம சத்திரமா நடத்துகிறது?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது. அக்கா தர்மம் கேட்கவில்லை. அந்த லேப்டாப் விலையில் விண்டோஸ் லைசென்ஸுக்கான காசும் சேர்ந்துதான் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவள் கேள்வி கேட்பது பிச்சை ஆகாது. எங்கள் அம்மாவின் கிரைண்டர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓடுகிறது, கல் கொத்தினோம், பெல்ட் மாற்றினோம், இன்றைக்கும் மாவரைக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை. சாஃப்ட்வேர் அப்படி இல்லை, தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்று இன்னொரு தம்பி பொறுமையாக விளக்கியிருந்தார். அவருக்கு நன்றி. ஆள் வேண்டும்தான். அந்த ஆட்கள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், செய்து முடித்ததைக் கொடுக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் பதில்.

"லினக்ஸ் எல்லாம் சாதாரண ஜனங்களுக்குச் சரிப்படாது." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்களை மின்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட மாட்டேன். பேஜ்மேக்கரில் பாமினி ஃபான்ட் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களையும் கூப்பிட மாட்டேன். அக்கா கடையிலேயே டிடிபி வேலைக்கு இன்னொரு மெஷின் தனியாக இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் பிரவுசரைத் திறந்து படிவம் நிரப்பி, பிடிஎஃப் இறக்கி, பிரிண்ட் எடுக்கிற வேலைக்கு என்ன குறைச்சல்? தமிழ்99 கீபோர்டை நாலு கிளிக்கில் சேர்த்தேன், அக்கா பழையபடியே தட்டுகிறாள். பிரிண்டர் அன்று சாயங்காலம் வரை படுத்தியது, அப்புறம் வழிக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருடக்கணக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். பத்தாவது ஐடி தேர்வையும் அதில்தான் எழுதுகிறார்கள். அவர்கள் எல்லாம் சாதாரண ஜனங்கள் இல்லையா? நம் ஊரில் 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. நம் ஜனங்களுக்காக நம் ஊரிலேயே செய்தது. அதை எத்தனை பள்ளியில் திறந்து காட்டினார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார்கூடக் காட்டவில்லை. கையில் வந்ததை மதிக்காமல் விட்டோம். இன்றைக்கு ஒரு கம்பெனி தேதி குறித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

இதை எழுதும்போது அந்தக் கடைக்காரர் ஞாபகம் வருகிறது. அக்கா முதலில் போனது சர்வீஸ் கடைக்குத்தான். திரையில் வந்த அறிவிப்பைக் காட்டியிருக்கிறாள். அவர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது எக்ஸ்பயரி ஆகிடுச்சு மேடம், மாத்து விலைக்கு எடுத்துக்கிறேன், புதுசு இஎம்ஐ-ல போட்டுத் தர்றேன்" என்றிருக்கிறார். எக்ஸ்பயரி ஆவதற்கு அது மாத்திரையா, பால் பாக்கெட்டா? அவர் சொன்ன மாற்று விலை, நாங்கள் போட்ட எஸ்எஸ்டி விலைக்குக்கூடக் காணாது. அக்கா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டாள். இரவு எனக்கு போன் செய்து, "ஏல, மெஷினு செத்துப்போச்சாம்ல" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை வீடியோ போடுகிற தம்பிக்கு என்னால் எப்படி விளக்க முடியும்? மாதா மாதம் தவணை கட்டுவது என்றால் எந்தச் செலவை வெட்டுவது என்று அவள் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.

தொழில்நுட்ப அறிவு இருக்கிறவன் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? "பயப்படாதீங்க, இது ஓடும், இத்தனை வழி இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் படித்த படிப்பு. அதை விட்டுவிட்டு, இலவசமாக ரிவ்யூவுக்கு வந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு "வக்கில்லாதவர்கள்" என்கிறீர்கள். உங்கள் வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நல்ல மெஷினை மாற்று விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறவர்களின் கடனுக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?

புதுசு வாங்குவதும் முன்போல இல்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. நம் மாதிரி ஆட்கள் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்ட க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அதை நடத்திய மைக்ரான் கம்பெனி அறிவித்தது, அதே வருடம் டிசம்பரில். பழைய மெஷினை ஓட விட மாட்டார்கள். புதியதை எட்டும் விலையில் தர மாட்டார்கள். அந்தப் புது மெஷினிலும், கேட்டோமோ இல்லையோ, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட் வந்து உட்கார்ந்திருக்கும். அக்காவுக்குக் கோபைலட் வேண்டாம். படிவம் சப்மிட் ஆக வேண்டும், ரசீது பிரிண்ட் ஆக வேண்டும். இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள்.

விண்டோஸ் 10 ஆதரவை நிறுத்துகிற இந்த ஒரு முடிவால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்தது. அந்தக் குப்பை எங்கே போகும்? உடைத்து, எரித்து, அமிலத்தில் ஊறப்போட்டுச் செம்பும் தங்கமும் எடுக்கிற வேலையை நம் நாட்டில் கையுறைகூட இல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டெல்லி சீலம்பூர் பற்றித் தேடிப் பாருங்கள். "தூக்கிப் போடு" என்று சொல்ல ஒரு நொடி போதும். தூக்கிப் போட்டதை யாரோ கையால் பொறுக்குகிறார்கள்.

நான் மைக்ரோசாஃப்ட் வெறுப்பாளன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் ஆபீஸ் மெஷினில் விண்டோஸ் 11-தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. லினக்ஸ் கட்சியும் இல்லை. விண்டோஸ் 10-க்கான பேட்சை ஐரோப்பாக்காரர்களுக்குக் கொடுத்தது போல எங்களுக்கும் கொடுங்கள், ஓடுகிற மெஷின் ஓடட்டும் என்பது மட்டும்தான் என் கட்சி.

மின்ட் போடுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு: பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர், உங்கள் வேலைக்கான இணையதளங்கள் எல்லாவற்றையும் அப்படியே சோதித்துவிடுங்கள். எல்லாம் வேலை செய்தால், முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். பிரிண்டர் தகராறு செய்தால் மாடல் எண்ணைக் கமென்டில் போடுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

அந்தத் தம்பிக்கு: உங்கள் கமென்டை அக்கா படித்துவிட்டாள். கடைக்கு வந்த பையன் ஒருவன் போனில் காட்டியிருக்கிறான். நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வீடியோவில் அவள் கடைப் பெயர்ப்பலகை தெரிகிற இடத்தை மட்டும் இன்றைக்கே வெட்டிவிடுங்கள்.