ஏ.என்.எம்.மில் இருந்து நேரா பட்டம் கிடையாது

வேலையை விடாமல் தொலைநிலையில் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் முடிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. யாரெல்லாம் சேரலாம் என்பதைச் சொல்லவில்லை. அதைப் படித்த வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வாசகிகள் கேட்டிருப்பதும் இதைத்தான்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.' என்ற நர்சிங் பட்டப்படிப்பு, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டுமாகப் பதிவு செய்து, பணியில் இருப்பவர்களுக்கானது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். என்றால் 2 வருட அனுபவம். பத்தாம் வகுப்போடு போனவர்களுக்கு 5 வருடம். நுழைவுத் தேர்வு உண்டு. படிப்பு குறைந்தது 3 வருடம். கல்லூரிக்கே போய்ப் படித்தால் 2.

2 வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், மிட்வைஃப் படிப்பு) முடித்தவர்கள் இதில் சேர முதலில் 3 வருட ஜி.என்.எம். சேர வேண்டும். அதற்குத் தபால் வழி இல்லை, வார்டு டூட்டியோடு நேரில்தான். தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் ஒரு வருட 'நர்சிங் அசிஸ்டன்ட்' சான்றிதழ் இந்த ஏணியில் எந்தப் படியிலும் வராது. பணம் கட்டுவதற்கு முன்னால் கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கம்மா.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது சின்ன விஷயத்தில்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், பதிவுச் சான்றிதழில் வேறொன்று. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, பதவி, பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். சிறிய நர்சிங் ஹோம்களில் 'நன்றாக வேலை செய்தார்' என்று மட்டும் எழுதித் தருவார்கள், அது உதவாது. பதிவையும் காலாவதியாக விடாதீர்கள்.

'தொலைநிலை' என்றாலும் பிராக்டிகல் வகுப்புக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். அந்த நாட்களுக்கான லீவை மேட்ரனிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடித்து அப்படியே வகுப்புக்கு ஓடலாம் என்ற கணக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.