இடுப்பு மணியை அமுக்கிய டிஜே

மூடும் நேரத்துக்குப் பிறகு மியூசியங்கள் நடத்துகிற இரவு விழாக்கள் என்றாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பகலெல்லாம் வேலையில் மாட்டிக்கொள்கிறவர்களும் கலையைப் பார்க்கட்டும் என்று ஆரம்பித்தது இது. நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கே அமெரிக்காவில் சமீபத்தில் நான் போன விழாவைச் சகித்துக்கொள்ளவே முடியவில்லை. இன்றைய ஆப்பிரிக்க முகமூடி ஆட்டக் கலையைக் கொண்டாடும் மாலை என்று அழைத்திருந்தார்கள். ஆர்வமாக டிக்கெட் வாங்கினேன். உள்ளே போனால் கூடத்தின் நடுவில் மது பார்! அதற்கு நிற்கும் வரிசை ஆட்ட உடைகளைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. கையில் ஒயின் கிளாஸோடு நாரும் துணியுமான உடையின் மீது முதுகு உரச நிற்கிறார்கள். காவலர் பாவம், தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த டிஜேயை மன்னிக்கவே முடியாது. எந்த கிளப்பிலும் கேட்கிற அதே தட்டல், நெஞ்சு அதிரும் அளவுக்கு. முகமூடி ஆட்டத்தில் பாதி ஒலிதானே? நைஜீரியாவின் கலபார் நகரத்தில் எக்பே என்ற சிறுத்தைச் சங்கம் இருக்கிறது. அதன் ஆட்டக்காரர் இடுப்பில் மணி கட்டிக்கொண்டு வருவார். அவர் நடக்க நடக்க அந்த மணி பேசும், முரசு பதில் சொல்லும், சங்கத்தார் சைகையால் கேள்வி கேட்க அவர் சைகையாலேயே விடை தருவார். நிசிபிடி என்ற குறியீடுகளைத் துணியில் எழுதிவைத்திருக்கிற சங்கம் அது. உள்ளே சேர்ந்தவர்களுக்குத்தான் முழுப்பொருள் தெரியும். எக்பேன்யோங் பாஸ்ஸி ன்சா போன்றவர்கள் இன்றும் அந்த உடைகளைச் செய்கிறார்கள். அந்த மணி எப்படி ஒலிக்கும் என்று கேட்கத்தான் நான் போனேன். திரையில் வீடியோ ஓடியது, ஹெட்ஃபோனும் மாட்டியிருந்தார்கள். ஒன்றுமே கேட்கவில்லை. என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பார்த்தாள், கடைசியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று காவலரிடம் கேட்டாள். அது என் கையில் இல்லையம்மா என்றார் அவர். வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்க வந்த ஒரு பிள்ளையையும் இப்படித் துரத்தியாயிற்று.

இந்த மாதிரி மாலை இல்லையென்றால் இளைஞர்கள் மியூசியத்துக்கே வரமாட்டார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தப் பெண் குடிக்கவா வந்தாள்?

விளக்குகளையும் ஊதா நிறத்துக்கு மாற்றியிருந்தார்கள், செல்ஃபி நன்றாக வருவதற்காம். அதில் விளக்க அட்டையில் ஒரு எழுத்தும் தெரியாது. கேமரூனின் துவாலா நகரத்தில் வேலை செய்யும் எர்வே யூம்பி, ஹாலிவுட் பேய்ப் படத்தில் வரும் ரப்பர் முகமூடியின் வடிவத்தை எடுத்து, அந்நாட்டுப் பாமிலேகே மக்களின் மரபான பாசிமணி வேலைப்பாட்டோடு சேர்த்துப் புது முகமூடி செய்கிறார். ஊர்ச் சங்கத்தார் அதை வாங்கி உண்மையான சடங்கிலேயே ஆடுகிறார்கள். ஆடிய முகமூடி மியூசியத்துக்கு வருகிறது, மறுபடி ஊருக்கும் போகிறது. எவ்வளவு துணிச்சலான வேலை! இதை யாராவது நின்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் வாய்பிளந்து கேட்டிருக்கும். சொல்ல ஆளில்லை. அங்கிருந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் பரிசுக் குலுக்கலுக்குக் கூவிக்கொண்டிருந்தார். நடனக் குழுவை மேடையேற்றி, அவர்கள் சூடுபிடித்து ஆட ஆரம்பித்ததும் குலுக்கல் எண்ணை வாசிக்க நிறுத்தினார்கள். ஆடுகிறவரைப் பாதியில் நிறுத்த எப்படி மனசு வரும்?

அப்புறம் அந்த மேசை. 'உங்கள் பழங்குடி முகமூடியை நீங்களே செய்யுங்கள்' என்று பலகை. காகிதத் தட்டு, கலர் பேனா, கோழி இறகு. கலபாரும் துவாலாவும் துறைமுக நகரங்கள் ஐயா. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் ஒடேலே என்ற முகமூடி ஆட்டச் சங்கங்களை வளர்த்தவர்கள் நகரத்து இளைஞர்கள். ஷேகு ஃபோஃபானா அவர்களுக்காக உடை செய்து செய்தே 'கோல்டன்ஃபிங்கர்' என்று பெயர் எடுத்தவர். ஒவ்வொரு உடைக்கும் பின்னால் செய்தவரின் கை, கேட்டவரின் பணம், சங்கத்தின் மானம் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கோழி இறகை வைத்து 'பழங்குடி' என்று எழுதினவருக்கு இந்தக் கண்காட்சியின் முதல் அட்டையைக்கூடப் படிக்க நேரமில்லையா?

கீழ்த்தளத்தின் நிரந்தரக் கூடம் இதைவிட மோசம். சியரா லியோனின் மென்டே இனப் பெண்களுக்கான சான்டே சங்கத்து முகமூடி, பளபளக்கும் கறுப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள். உலகத்தில் பெண்களே அணிந்து ஆடுகிற மர முகமூடிகள் மிக அபூர்வம், அதில் ஒன்று இது. உடலை மூடும் நார் உடை இல்லை. காலனிக் காலத்தில் சேகரித்தவர்கள் பெரும்பாலும் மரத்தலையை மட்டும் எடுத்துக்கொண்டு, உடையையும் செய்தவர் பெயரையும் விட்டுவிட்டு வந்தார்கள். அட்டையில் 'கலைஞர் பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது. பெயர் தெரிந்த கலைஞர்களின் படைப்புகள் மேல்தளத்தில் இருந்தும், அவர்களில் ஒருவர் பெயரைக்கூட அன்றிரவு மைக்கில் யாரும் சொல்லவில்லை. தெரிந்த பெயரையும் தெரியாததாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

செய்தவர்கள் நேரில் வந்து பேசலாமே என்றால் அதற்கும் வழியை அடைக்கிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்கா விசாவைக் கட்டுப்படுத்திய நாடுகளில் சியரா லியோனும் ஒன்று. உடை பெட்டியில் ஏறி வரலாம், உடையைத் தைத்தவர் வருவது கஷ்டம். அப்படியென்றால் அவர் சார்பில் பேசும் பொறுப்பு மியூசியத்துக்கு இன்னும் கூடுகிறதா இல்லையா?

மறுநாள் கருத்துக்கணிப்பு அனுப்பினார்கள். பார்க்கிங் எப்படி, பானங்கள் எப்படி, இசை எப்படி, நண்பர்களுக்குச் சொல்வீர்களா. முகமூடிகளைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நான் தனியாக மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த மாலையில் பாரை வாசல் முற்றத்துக்குக் கொண்டுபோங்கள், கண்காட்சி அறைகளில் ஸ்பீக்கர் வேண்டாம், வெள்ளை விளக்கைப் போடுங்கள், செய்தவர்களின் பெயரை மைக்கில் சொல்லுங்கள் என்று. டிக்கெட் பணத்தில் அவர்களுக்கு ஏதாவது போகிறதா என்றும் கேட்டேன். 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று ஒற்றை வரி வந்தது. பணத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கப்போகிறேன்.