பக்கவாதத்துக்கு விரல் நுனியில் ஊசி குத்துவது சிகிச்சையல்ல

பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி ரத்தம் வடியவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்னும் செய்தி, அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு. அடைப்போ கசிவோ மூளையின் ரத்தக்குழாயில் இருக்க, விரலில் வடியும் சில சொட்டுகள் அங்கே எதையும் மாற்றுவதில்லை. இரண்டில் எது என்பதை ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். அடைப்பு என்றால், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்து, அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தருவதை 1995-இலும், தகுந்தவர்களுக்கு 4.5 மணி நேரம் வரை பலன் தருவதை 2008-இலும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வுகள் காட்டின; அவற்றை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஊசி தேடுவதில் கரைவது இந்த நேரம்தான். வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சுக் குளறினாலோ, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தெளியட்டும் என்று சோடா புகட்டுவதும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அச்செய்தி வந்தால் மேலும் அனுப்பாமல் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.