தடயவியல் வேன் வாங்க காசு இருக்கு, பிஎச்டிக்கு?

புது கிரிமினல் சட்டம் 2024 ஜூலை 1 அமலுக்கு வந்ததுலேர்ந்து எங்க பாத்தாலும் தடயவியல் பேச்சுதான். அதுல விசாரணை எப்படி நடக்கணும்னு சொல்ற சட்டம் பிஎன்எஸ்எஸ், அதோட 176(3) பிரிவு படி 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள கேஸ்னா ஃபாரன்சிக் ஆளு ஸ்பாட்டுக்கு வந்தே ஆகணும், வீடியோ எடுக்கணும். நல்ல சட்டம்தான், மறுக்கல. அதுக்கு ஏத்த மாதிரி மத்திய அரசும் 2024 ஜூன்ல 2254 கோடிக்கு ஒரு ஸ்கீம் ஓகே பண்ணிச்சு, 2028-29 வரைக்கும். தேசிய தடயவியல் பல்கலைக்கழகத்துக்கு புது கேம்பஸ், புது லேப், மெஷினு. ரிப்பன் வெட்டறதுக்கு வசதியான ஐட்டம் எல்லாம்.

அந்த மெஷின் துப்பற பதில் நம்ம ஊரு நிலைமைக்கு சரியா இருக்குமான்னு நாலஞ்சு வருஷம் உக்காந்து பாக்கறது யாரு? பிஎச்டி பசங்க. அவங்களுக்கு என்ன செய்யறோம்னுதான் கேக்கறேன்.

லால்ஜி சிங் கதை தெரியாதவங்களுக்கு சொல்றேன். பனாரஸ் ஹிந்து யூனிவர்சிட்டில 1971ல பிஎச்டி முடிச்சாரு, எதுலன்னா பாம்போட குரோமோசோம்ல. அன்னைக்கு யாராவது "இதுக்கு எதுக்குய்யா கவர்மெண்ட் காசு"ன்னு கேட்ருந்தா பதில் சொல்றது கஷ்டம்தான். அந்த நூலப் பிடிச்சிட்டே எடின்பரோ போயி, பட்டை பட்டையா இருக்கற கட்டுவிரியனோட டிஎன்ஏல ஒரு துண்டைக் கண்டுபிடிச்சாரு, திரும்பி வந்து ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல அதே துண்டை வச்சு மனுஷனோட டிஎன்ஏ ஃபிங்கர்பிரிண்டிங்குக்கு, அதாவது டிஎன்ஏவ வச்சு ஆளை அடையாளம் காணறதுக்கு, நம்ம நாட்டுக்குன்னு சொந்தமா ஒரு முறையை உண்டாக்கினாரு. ராஜீவ் கொலை கேஸ், டெல்லி தந்தூரி அடுப்பு கேஸ் வரைக்கும் அவரோட டிஎன்ஏ டெஸ்ட் பயன்பட்டுச்சு. இங்கிலாந்துல 1984ல இதைக் கண்டுபிடிச்ச அலெக் ஜெஃப்ரீஸும் கொலைகாரனைத் தேடிட்டு இருக்கல, ஜீன்ல ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்னு லெஸ்டர் யூனிவர்சிட்டில நோண்டிட்டு இருந்த மனுஷன். அந்த ஊரு போலீஸ் கொலை கேஸுக்காக அவர்கிட்ட போனப்ப அவரோட டெஸ்ட் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா, கொலை பண்ணேன்னு தானே ஒத்துக்கிட்ட ஒரு பையன் குற்றவாளி இல்லன்னு காட்டினது.

ஆராய்ச்சி இல்லாம டெக்னிக்க மட்டும் கோர்ட்டுக்குள்ள விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்கா இருக்கு. மைக்ரோஸ்கோப்ல முடிய பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து "ஒத்துப்போகுது"ன்னு எஃப்பிஐ ஆளுங்க பல வருஷமா சாட்சி சொல்லிட்டு இருந்தாங்க. 2015ல எஃப்பிஐயே உக்காந்து பழைய கேஸெல்லாம் பிரிச்சுப் பாத்தா, குற்றவாளிக் கூண்டுல நின்னவங்களுக்கு எதிரா அந்த சாட்சி போன 268 கேஸ்ல 257ல தப்பான வார்த்தை சொல்லிருக்காங்க. அதுல மரண தண்டனை வாங்கினவங்களும் உண்டு. 2009லயே அவங்க நாட்டு விஞ்ஞானிகளோட அமைப்பான நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ் தெளிவா எழுதிருச்சு, டிஎன்ஏ தவிர வேற எந்த முறையும் தடயத்தை இந்த ஆளோடதுதான்னு உறுதியா இணைக்கும்னு ஒழுங்கா நிரூபிக்கப்படலன்னு.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. டிஎன்ஏ மேட்ச்னா வெறும் "மேட்ச்" பத்தாது, சம்பந்தமே இல்லாத இன்னொருத்தனோடயும் தற்செயலா ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு நம்பர் சொல்லணும். அந்த நம்பர் அந்தந்த ஜனங்களுக்குள்ள எந்த மார்க்கர், அதாவது டிஎன்ஏல ஆளுக்கு ஆள் மாறற அடையாளம், எவ்வளவு சகஜம்ங்கறத வச்சு வர்றது. நாம சாதிக்குள்ளயே கட்டிக்கிட்டு, அதுலயும் அத்தை பொண்ணு, மாமன் பையன், அக்கா மகள்னு தலைமுறை தலைமுறையா சுத்திச் சுத்தி கட்டிக்கிட்டு வர்ற கூட்டம். எங்கயோ எடுத்த டேட்டாவ வச்சு கணக்குப் போட்டா அந்த நம்பர் நிக்குமா? இதை டென்மார்க்காரன் வந்து ஆராய்ச்சி பண்ண மாட்டான், நாமதான் பண்ணணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, பிணத்துல வர்ற ஈயோட புழுவ வச்சு பிஎச்டி பண்ணுது. முகம் சுளிக்காதீங்க, ஆள் செத்து எத்தனை நாளாச்சுன்னு சொல்றதுக்கு புழுவோட வளர்ச்சி ரொம்ப முக்கியம், அது வெயில் சூட்டைப் பொறுத்து வேகமாகும், அதனால குளிர்நாட்டு வளர்ச்சி அட்டவணைய அப்படியே இங்க போட முடியாது. அந்தப் பொண்ணு காலைல கறிக்கடைல ஆட்டு ஈரல் வாங்கி பிளாஸ்டிக் டப்பால வச்சு, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா புழுவ எடுத்து வெந்நீர்ல போட்டு நீளம் அளந்து நோட்டுல எழுதும். ஈரல் காசு கைக்காசு. ஒரு ராத்திரி கரண்ட் போயி இன்குபேட்டர் நின்னுச்சு, மொத்த பேட்சும் குப்பை. ஜெனரேட்டர் லைன் கேட்டதுக்கு "ஃபண்ட் இல்லம்மா"ன்னுட்டாங்க. ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அரசு குடுக்கற உதவித்தொகை 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபாய், தொகை மோசமில்ல, ஆனா நெட் மாதிரி பரீட்சைல ஜேஆர்எஃப் அடிச்சவங்களுக்குத்தான் அது, இந்தப் பொண்ணுக்கு அது இல்ல. கிடைச்சவங்களும் மாசக்கணக்கா வரலன்னு பொலம்பறத நீங்களும் கேட்டிருப்பீங்க.

"லேப்ல டெஸ்ட்டுக்கு வந்த விசரா (பிணத்தோட உள்ளுறுப்பு) பாட்டில் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, முதல்ல அதை முடி, அப்புறம் ஆராய்ச்சி"ன்னு ஒரு போலீஸ் நண்பர் சொல்வாரு. நியாயம்தான். ஆனா ஒரு டெஸ்ட்ட பாதி நேரத்துல, பாதி செலவுல பண்ற வழியக் கண்டுபிடிக்கப் போறதும் இதே பசங்கதானே. இன்னொண்ணும் ஒத்துக்கறேன், வெட்டி ஒட்டின தீசிஸ் நம்மகிட்ட நிறைய. அதுக்கு மருந்து காசை நிறுத்தறது இல்ல, கேஸ் பாக்கற லேபையும் யூனிவர்சிட்டியையும் கோத்து விடறது. லேப்ல சாம்பிள் இருக்கு, யோசிக்க நேரம் இல்ல. யூனிவர்சிட்டில நேரம் இருக்கு, சாம்பிள் இல்ல. பேரு ஊரு எடுத்துட்டு பழைய கேஸ் டேட்டாவ ஸ்காலருக்கு குடுங்க, லேப் ஆளுங்களுக்கு சம்பளத்தோட லீவு குடுத்து பிஎச்டி பண்ண விடுங்க.

காசு முழுக்க போலீஸ் கை வழியாவே வரக்கூடாதுன்னும் நினைக்கிறேன். "இந்த முறை பத்துல ரெண்டு தடவை தப்பு சொல்லுது"ன்னு ஒரு தீசிஸ் எழுதினா அதைக் கேட்டு சந்தோஷப்படற போலீஸ் டிபார்ட்மெண்ட் எந்த ஊர்லயும் கிடையாது. ஸ்காட்லாந்து டண்டீல 2016ல ஆரம்பிச்ச ஃபாரன்சிக் ஆராய்ச்சி சென்டருக்கு லெவர்ஹியூம்னு ஒரு டிரஸ்ட் பத்து வருஷத்துக்கு ஒரு கோடி பவுண்ட் குடுத்துச்சு. பத்து வருஷம்! இங்க வருஷா வருஷம் காசை செலவழிச்சதுக்கு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் குடுத்தாதான் அடுத்த தவணை.

176(3)ஐ நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு சட்டம் குடுத்த டைம் 5 வருஷம், அதாவது 2029 நடுப்பகுதி. இன்னைக்கே ஒரு ஸ்காலர் சேந்தா வைவா முடிஞ்சு வெளிய வர 2030 தாண்டிரும்.