பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்

மகளை வரும் ஜூனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்கப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து கடலூரில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. "நல்லா யோசிச்சுக்குங்க அண்ணி, அப்புறம் இங்கிலீஷே வராம நிக்கும்" என்கிறாள் நாத்தனார். மஞ்சக்குப்பத்தில் கூட வேலை பார்க்கிற அக்கா, "ஏம்மா, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, அப்புறம் என்ன" என்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் இவர்களில் ஒருவர்கூட அந்தப் பள்ளியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளி என்றாலே பெருமை, கேள்வி கேட்காமல் சேர்த்துவிடு என்கிற நண்பர்கள். இதுவும் எனக்கு உதவவில்லை. "அரசுப் பள்ளி" என்று பொதுவாக ஒரு பள்ளி எங்கேயும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளி அருமையாக நடக்கும், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொன்று ஆசிரியர் இல்லாமல் தவிக்கும். இரண்டுக்கும் ஒரே துறை, ஒரே புத்தகம், ஒரே சீருடை. அதனால் நம் பிள்ளை போகப்போகிற அந்த ஒரு பள்ளியைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பள்ளி நடக்கிற நாளில், பாடம் நடக்கிற நேரத்தில். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் உட்கார வைத்துப் பேசுவார்கள். விட மாட்டேன் என்றால் அதுவே ஒரு தகவல்.

நான் முதலில் கேட்டது ஆசிரியர் கணக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, அதன் அட்டவணையில் தெளிவாக இருக்கிறது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள், 50 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர், அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர், அவருக்கு எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றுகிற இணையதளம்) பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று ஆயிரம் இருக்கும், அவர் வெளியே போன நாளில் ஒரே ஆசிரியர் ஒன்று முதல் ஐந்து வரை மேய்க்க வேண்டும். இது அவர்களுடைய சோம்பேறித்தனம் இல்லை, சட்டமே அனுமதிக்கிற நிலைமை. அதனால் பணியிடம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இன்றைக்கு வந்திருப்பவர் எத்தனை பேர், மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போயிருப்பவர் யார், நீண்ட விடுப்பில் யாராவது இருந்தால் அவர் வகுப்பை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். ஆசிரியர்களை இடம் மாற்றுகிற பொது மாறுதல் கலந்தாய்வு வருகிறதே, இப்போது நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஜூனில் இங்கேயே இருப்பாரா என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது ஆசிரியர்கள் யாரும் கோபப்படவில்லை. பெற்றோர் யாரும் இதைக் கேட்பதே இல்லை என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

அடுத்தது வாசிப்பு. மூன்றாம் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளையை ஆசிரியர் எழுப்பிப் படிக்கச் சொல்வார், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை அந்தப் பிள்ளையால் தடுமாறாமல் வாசிக்க முடிகிறதா? பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கிற அசர் (ASER) ஆய்வுக்காரர்கள் நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் இந்த மாதிரிதான், இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துச் சொல்லித்தருகிற திட்டம் அது. யோசனை நல்லது, எழுத்துத் தெரியாத பிள்ளையைப் பாடத்தை முடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க ஒரு வழி. ஆனால் ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை ஜனவரியிலும் அரும்பிலேயே இருந்தால் அங்கே ஏதோ நடக்கவில்லை. அதை நேரடியாகக் கேட்கலாம். நல்ல ஆசிரியர் பெயர் சொல்லி, இந்தப் பிள்ளை இங்கே தடுமாறுகிறான், அதற்கு இதைச் செய்கிறேன் என்று சொல்வார். நான் பார்த்த டீச்சர் அப்படித்தான் சொன்னார். ஸ்மார்ட் போர்டும் சுவர் ஓவியமும் எனக்குக் காட்டாத ஒன்றை அந்தப் பதில் காட்டியது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கிச்சடி, பொங்கல், உப்புமா, சாம்பார். வேலைக்கு ஓடுகிற அம்மாக்களுக்கு அதன் அருமை தெரியும். சமையல் இடம் சுத்தமா என்று ஒரு பார்வை போதும்.

கழிவறையை மட்டும் கட்டாயம் நீங்களே திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, தினமும் கழுவ ஆள் வருகிறாரா. பெண் குழந்தை பகல் முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவது மற்ற எல்லாக் கோளாறுகளையும்விட எனக்குப் பெரிய கோளாறு. நான் பார்த்த வேறொரு பள்ளியை இதற்காகவே வேண்டாம் என்றேன், அங்கே ஆசிரியர்கள் நல்லவர்கள்.

அப்புறம் நம் ஊருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது: மழையில் எங்கே தண்ணீர் நிற்கும்? 2015 வெள்ளம் யாருக்கும் மறக்காது, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கியதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. பள்ளி முகாமாக மாறினால் வகுப்பு எத்தனை நாள் நின்றது, பிறகு எப்படி ஈடு செய்தார்கள் என்று கேட்டால் தலைமை ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளிகள் பலவற்றில் இங்கிலீஷ் மீடியம் பிரிவும் இருக்கிறது, ஆனால் சின்னப் பள்ளியில் தமிழ் வழிக்கும் அதற்கும் அதே ஆசிரியர்தான், சில சமயம் ஒரே அறைதான். நாங்கள் தமிழ் வழியில்தான் சேர்க்கிறோம். வீட்டில் பேசுகிற மொழியில் வாசிக்கப் பழகிய பிள்ளை இன்னொரு மொழியையும் பிடித்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்புகிறேன். இங்கிலீஷுக்கு வீட்டில் நான் உட்கார வேண்டும், உட்காருவேன். மாதம் கட்டுகிற பணத்தை மட்டும் வைத்து ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அங்கே ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர் என்ன படித்திருக்கிறார், என்ன சம்பளம் வாங்குகிறார் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் புதிதாக வருகிற ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் தகுதித் தேர்வும் முடித்துவிட்டுத்தான் வர முடியும்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் எதிரில் இருப்பவர் சமாதானம் ஆகாமல் இருந்தால், அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. "எந்தெந்தப் பிள்ளைங்களோட உக்காரும்" என்பதுதான் அது. ஒரு உறவுக்காரர் சொல்லியே விட்டார், "அங்க எல்லாம் காலனிப் பிள்ளைங்கதானே." தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மீன் விற்கிறவர்களின் பிள்ளைகள், சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், உண்மை. அவர்களோடு என் மகள் உட்கார்ந்து சாப்பிடுவதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. சாதி பார்த்துப் பள்ளி தேடுவதைப் "பிள்ளையின் எதிர்காலம்" என்ற பெயரில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். வசதியுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியதில்தான் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் பணியிடமும் குறைந்தது, பிறகு அதையே காட்டி "பார்த்தீங்களா, ரெண்டு டீச்சர்தான்" என்கிறோம்.

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நான் நினைக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. நான் அந்தக் குழுவுக்கு நிற்கப் போகிறேன், முதல் கூட்டத்திலேயே கழிவறைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று எழுதி வாங்கப் பார்ப்பேன்.

யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: 2024, 2025 இரண்டு வருடமும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கையை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கினார்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். பிப்ரவரியிலேயே போய் வகுப்பைப் பாருங்கள். வயதுச் சான்று இல்லை என்று சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்களில் பலர் சான்றிதழ் கிடைக்கட்டும் என்று ஒரு வருடத்தையே விட்டுவிடுகிறார்கள்.