பூச்சிமருந்துக்கும் நச்சு வாயுவுக்கும் ஒரே முறிவு மருந்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரி பூங்காவில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தோம். நான் அண்ணா என்று அழைக்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அணுகுண்டு, விஷவாயு, கிருமி ஆயுதம் எல்லாவற்றையும் எதிர்கொள்ள ஆராய்ச்சி என்று சொல்லி அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டுகின்றனவே, தம்பி. அதில் ஒரு ரூபாயாவது சாதாரண ஜனங்களுக்கு வந்து சேருமா? அந்தப் பணத்தில் நாலு ஆஸ்பத்திரி கட்டினால் ஆகாதா?"

அவர் மத்திய அரசில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு பார்த்தவர். அரசுப் பணம் எப்படியெல்லாம் கரையும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர். அதனால் அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தில்லி மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு விடுமுறையில் தேனிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பருத்திக்கு மருந்து அடிக்கப் போன என் அக்கா கணவர் மத்தியானம் வரப்பிலேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மார்பில் களகளவென்று சத்தம். பக்கத்து ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பார்த்த உடனே அட்ரோபின் என்றார். ஒரு ஆம்பியூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். இப்படிப்பட்ட நோயாளிக்கு ஒன்று இரண்டு போதாது. நுரையீரல் தெளியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். இரவு எட்டு மணிக்கு அங்கிருந்த கையிருப்பு தீர்ந்துவிட்டது. நானும் உறவினர் ஒருவரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், மூடிய மருந்துக் கடைகளின் கதவைத் தட்டி வாங்கி வந்தோம். விடியும்போது கட்டிலுக்கு அடியில் கிடந்த வெற்று ஆம்பியூல்களை அக்கா துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். மாமா பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்.

பேரழிவு ஆயுதத்துக்கும் எங்கள் மாமாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடித் தொடர்பே இருக்கிறது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் 1936இல் புதிய பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோதுதான் தாபூன் கிடைத்தது. 1938இல் சாரின். இரண்டும் நரம்பு நச்சு ஆயுதங்களாயின. அதே வேதிக்குடும்பத்தில் வந்தவைதான் நம் வயல்களில் தெளிக்கப்பட்ட பல பூச்சிமருந்துகள். நரம்பு விடும் செய்தியை நிறுத்தி வைக்கும் ஒரு நொதி உடலில் உண்டு. இந்த நச்சுகள் அதைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. செய்தி நிற்காமல் பாய்ந்துகொண்டே இருக்கும்; சுரப்பிகள் ஒழுகும், தசைகள் துடித்து ஓயும், மூச்சு நின்றுவிடும். போர்க்களத்தில் நடப்பதும் பருத்திக்காட்டில் நடப்பதும் இதுவே. முறிவு மருந்தும் ஒன்றுதான்: அட்ரோபின், கூடவே பிராலிடாக்சிம். பிராலிடாக்சிமை மருத்துவமனைகளில் 'பாம்' (PAM) என்போம்.

1995 மார்ச் 20ஆம் தேதி தோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பல் சாரினை அவிழ்த்துவிட்டது. பதினான்கு பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. முந்தைய ஆண்டு மத்சுமோத்தோ ஊரில் இதே கும்பலின் சாரினால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்திருந்த மருத்துவர் ஒருவர், தொலைக்காட்சியில் அறிகுறிகளைப் பார்த்துவிட்டுத் தோக்கியோ மருத்துவமனைகளை அழைத்து, இது சாரின்தான் என்றார். பாம் மருந்து போதவில்லை. வெளியூர்களில் இருந்த கையிருப்பைத் திரட்டிப் புல்லட் ரயிலில் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். அது யாருக்காக வாங்கி வைத்திருந்த மருந்து? பூச்சிமருந்து நச்சேறிய கிராமத்து நோயாளிகளுக்காக. இதைப் படித்த அன்று எனக்கு அந்தச் சைக்கிள் இரவு நினைவுக்கு வந்து, வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

நம் நாட்டில் இது பழங்கதை இல்லை. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். அதே நச்சுக்குடும்பம்.

இத்தனைக்குப் பிறகும், பூச்சிமருந்து நச்சில் பாம் எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்றுவரை ஒரே கருத்து இல்லை. வேலூரில் ஆய்வு செய்தார்கள், இலங்கையில் செய்தார்கள். நம்பிக்கை ஊட்டும் முடிவு கிடைக்கவில்லை. நேரமாக ஆக நச்சு அந்த நொதியோடு இறுகிப்போகிறது. இறுகிய பிறகு பாம் கொடுத்துப் பயனில்லை. சோமன் என்ற ஆயுத நச்சில் அதற்குச் சில நிமிடங்கள் போதும். சாரினில் சில மணி நேரம். இறுகியதையும் விடுவிக்கும் மருந்து வேண்டும், மூளைக்குள் நுழையும் மருந்து வேண்டும், நச்சை ரத்தத்திலேயே பிடித்து அழிக்கும் நொதி வேண்டும். உலகெங்கும் ஆய்வகங்கள் இவற்றைத் தேடிக்கொண்டிருக்கின்றன. வயல் கூலிக்காரரை நம்பி எந்த மருந்து கம்பெனி இதில் முதல் போடும்? போடாது. பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென அரசு தரும் நிதி, அதாவது நல்கை, வந்தால்தான் இந்த வேலை நகரும். அண்ணாவுக்கு என் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாயாபுரி. 2010இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்த காமா கதிர்க்கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. உள்ளே கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள். காயலான் கடைத் தொழிலாளிகள் அது என்னவென்று தெரியாமலேயே பிரித்தார்கள், துண்டாக்கினார்கள். ஒரு துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு நடமாடியவரும் உண்டு. தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஒருவர் இறந்தார். யாரும் குண்டு வைக்கவில்லை, யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் கதிர்வீச்சுக் குண்டு வெடித்தால் என்னென்ன தேவைப்படுமோ அத்தனையும் அன்று மாயாபுரியில் தேவைப்பட்டது: கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி, துண்டுகளைத் தேடி எடுக்கத் தெரிந்த ஆட்கள், எலும்பு மச்சை அழிந்த நோயாளியைக் காப்பாற்றத் தெரிந்த மருத்துவர்கள்.

1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் ஏறக்குறைய இதேதான். கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் 137 வெளியேறியது. 249 பேர் மீது மாசு, நான்கு மரணம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். அங்கே உடலுக்குள் போன சீசியத்தை வெளியேற்றக் கொடுத்தது பிரஷ்யன் நீலம், ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீலச் சாயம். திமார்பூரில் இருக்கும் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் இன்மாஸ் ஆய்வகம் அந்த மருந்தை இங்கேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. இதைச் செலவு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அண்ணாவின் சந்தேகத்தில் பாதி சரி. இந்தத் துறையில் பணத்தோடு சேர்ந்து ரகசியமும் வந்துவிடுகிறது. ரகசியம் மருத்துவத்தின் எதிரி. 1984 டிசம்பரில் போபாலில் மக்கள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தபோது, எந்த நச்சுக்கு என்ன சிகிச்சை என்று சொல்ல ஆளில்லை. சோடியம் தயோசல்பேட் என்ற மருந்தைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையிலேயே நாட்கள் போயின. அமெரிக்கா 1985இல் அறிவித்த கொள்கை ஒன்று எனக்குப் பிடிக்கும்: அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகளுக்கு இயன்றவரை கட்டுப்பாடு இருக்கக்கூடாது, மறைத்தே தீர வேண்டும் என்றால் முறைப்படி ரகசியம் என்று வகைப்படுத்திவிட வேண்டும். பேரழிவு ஆயுத எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக அவர்களுடைய பாதுகாப்புத் துறை பகிரங்க அறிவிப்பு கொடுத்துப் பல்கலைக்கழகங்களிடம் விண்ணப்பம் வாங்குகிறது. அந்த நாட்டின் போர்களை நான் ஆதரிக்கவில்லை. இந்த ஒரு நடைமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். 2021 மே மாதம் கொரோனாவுக்காக இதே இன்மாஸ் உருவாக்கிய 2-டிஜி மருந்துக்கு அவசர அனுமதி கொடுத்தபோது, ஆய்வு முடிவுகள் முழுமையாக ஆய்விதழில் வெளிவந்திருக்கவில்லை. நோயாளியின் உறவினர்கள் அந்தப் பொட்டலத்துக்காக அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்படி இனி ஒருமுறை நடக்கக்கூடாது.

கிருமி ஆராய்ச்சியில் என் நிலை இன்னும் கடுமையானது. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள். அந்நாட்டு ராணுவத்தின் சொந்த ஆய்வகத்தில் தற்காப்பு ஆராய்ச்சி செய்த விஞ்ஞானியே அதைச் செய்தார் என்பது புலனாய்வுத் துறையின் முடிவு. வேதி ஆயுதங்களுக்காவது ஹேக் நகரில் சோதனை செய்யும் அமைப்பு இருக்கிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, தன் கையிருப்பை 2009க்குள் அழித்தது. கிருமி ஆயுத உடன்படிக்கைக்கு அப்படியொரு சோதனை அமைப்பே கிடையாது. ஆகவே தடுப்பூசி, நோயறி கருவி, சிகிச்சை ஆகியவற்றுக்கு நல்கை கொடுங்கள். கிருமியை வீரியப்படுத்திப் பார்க்கிறோம் என்று யார் வந்தாலும், வெளியாட்கள் அடங்கிய குழு அனுமதிக்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. என் தம்பி மகள் நச்சு கண்டறியும் காகிதப் பட்டை ஒன்றை உருவாக்கும் திட்டத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறாள். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், பூச்சிமருந்து கட்டிப்போடும் அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பட்டையின் நிறம் காட்ட வேண்டும். கிராமத்து நர்ஸ் ஒருவர் பார்த்த உடனே புரிந்துகொள்ளும்படி. சென்ற ஆண்டு ஏழு மாதம் அவளுக்கு உதவித்தொகை வரவில்லை. கணக்குச் சான்றிதழ் ஒன்று எந்த மேசையிலோ தங்கிவிட்டதாம். வீட்டு வாடகையை நாங்கள் கொடுத்தோம். அவளோடு சேர்ந்த இன்னொரு மாணவனுக்குக் கொடுக்க ஆளில்லை. அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் செய்துகொண்டிருந்தது பட்டையை வெயிலில் கெடாமல் வைத்திருக்கும் பகுதி. பருத்திக்காட்டுக்கு அதுதான் முக்கியம். அது இன்னும் அப்படியே நிற்கிறது.

அண்ணா, நாளை காலை பூங்காவுக்கு வரும்போது, இப்படி ஒரு சான்றிதழ் எந்த மேசையில், எத்தனை நாள், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கும் என்று எனக்குச் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் அது தெரியும். சேர்ந்தே மனு எழுதுவோம்.